பின் அறையில் சொன்ன பொய்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. குழந்தைகள் வார்டில் நரம்பு கிடைக்காமல் நர்ஸுகள் திணறினால், "ஊசியக்காவ வரச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்புவார்கள். அவள் வந்து குழந்தையின் புறங்கையை விரலால் லேசாகத் தட்டுவாள். அதன் அம்மாவிடம், "இதோட மூக்கு உங்க மூக்கா, அவங்கப்பா மூக்கா?" என்று எதையாவது கேட்பாள். அந்த அம்மா பதில் யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள்.

"எப்பக்கா குத்தினீங்க?" என்று வாயைப் பிளந்தவர்கள் உண்டு.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. கை நடுங்குவதற்குக் காரணம் குடி.

எதனால் குடித்தாய் என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். பெரிய சோகக் கதையை எதிர்பார்த்துக் கேட்டவர்களுக்கு ஏமாற்றம்தான். தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் ஆரம்பம். கூட வேலை பார்த்த ஒருத்தியின் பிரிவு விருந்தில் யாரோ சிரித்துக்கொண்டே ஒரு கிளாஸை அவள் கையில் திணித்தார்கள். அன்றைக்குப் படுத்ததும் தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்புப் பக்கம் வேலை செய்பவர். ஊர் எழுந்திருப்பதற்குள் மாவு பிசைந்து முடிக்க வேண்டும் என்பதால் பொழுது சாய்ந்ததுமே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டார். இருமல் மருந்தைக்கூட மூடியில் ஊற்றி மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிற மனிதர். மகளுக்குப் பதினோரு வயது. அவள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் எழுதுவாள். அந்த நேரத்தில் ஊசியக்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போடுவாள். பிளீச்சிங் பவுடர் டப்பாவுக்குப் பின்னால், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று எழுதிய வெள்ளைக் கேனில்தான் சரக்கு. குழாயைத் திறந்துவிட்டுக் குடிப்பாள். பல் தேய்த்துவிட்டு வெளியே வருவாள்.

வாங்குவதற்கு இரண்டு பஸ் மாறிப் போவாள். ஆஸ்பத்திரி முகக்கவசம் பாதி முகத்தை மறைத்துவிடும். இருந்தாலும் கடை வாசலில் நிற்கும்போது முதுகெல்லாம் கண் முளைத்ததுபோல் இருக்கும். ஆம்பளை குடித்தால் தண்ணி போடுகிறான் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பொம்பளை குடித்தால் அதற்கு ஊரில் வேறு பெயர். அந்தப் பெயர் தன் மகளின் காதில் விழுவதை நினைத்தாலே அவளுக்குப் பயம் வரும். அந்தப் பயம் அடங்கவும் கேனைத்தான் தேடினாள்.

பிறகு காலையிலும் ஒரு மூடி தேவைப்பட்டது. அது உள்ளே போனால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் ஊசி பிடிக்க முடியும்.

ஒரு காலையில் பஸ் தாமதம். வாங்கி வைத்திருந்ததும் தீர்ந்துபோயிருந்தது. ஆண்கள் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பெரியவர்கள். ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வகை பார்க்கக் கேட்டிருந்தார்கள். இன்னொருவருக்குச் சர்க்கரையோடு மற்ற சோதனைகளும். நடுங்கும் கையை மறைக்க அவசர அவசரமாக இருவரிடமும் ரத்தம் எடுத்தாள். லேபிளை அங்கேயே ஒட்டியிருக்க வேண்டும். விரல் ஒத்துழைக்காததால் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு ஒட்டினாள்.

மத்தியானம் சீனியர் அவளைக் கூப்பிட்டார். கூடத்தில் அவர்தான் பெரியவர், வேலை கற்றுக்கொடுத்தவரும் அவரே.

"இந்தப் பெரியவருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்கயே ஆபரேஷன் ஆயிருக்கு. அப்ப வேற குரூப். இப்ப வேற குரூப் காட்டுது. மனுஷனுக்கு ரத்தம் மாறுமாம்மா?"

அவள் அவர் மேசை மேல் இருந்த ட்யூப்களைப் பார்த்தாள்.

"ட்யூப் இடம் மாறியிருக்கு. பழைய ரிப்போர்ட் கண்ணுல பட்டதால தப்பிச்சோம். பட்டிருக்கலன்னா சாயந்திரம் அவருக்கு மாத்து ரத்தம் ஏறியிருக்கும். உனக்கு உடம்பு சரியில்லையா? மூஞ்சியே சரியில்லையே. போய் ரெஸ்ட் எடு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திரும்பி வரும்போது வார்டுக் கண்ணாடி வழியாக அந்தப் பெரியவரைப் பார்த்தாள். மகளிடம் தலைகாணியைச் சரிசெய்யச் சொல்லி வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொலையும் செய்துவிடக்கூடியவள் நான் என்று முதல் முறையாக அவளுக்குத் தோன்றியது.

அன்றே நிறுத்துவது என்று முடிவெடுத்தாள். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் படுத்தாள். மறுநாள் மாலைக்குள் உடம்பு முழுக்க வேர்த்தது. இதயம் தொண்டைக்கு வந்து அடித்தது. சுவரில் எறும்புக் கூட்டம் ஒன்று ஊர்ந்து ஏறுவதைப் பார்த்தாள். விளக்கைப் போட்டால் எறும்பைக் காணோம். அணைத்தால் மறுபடி ஊர்ந்தது. மகள் கஞ்சி கொண்டுவந்தபோது ஸ்பூன் பல்லில் தடதடவென்று அடித்துக்கொண்டது. "அம்மா, ரொம்பக் குளுருதா?" என்று கேட்டாள் மகள். ஆமாம் என்றாள். அப்புறம் எழுந்து, பேத்தி எடுத்த கிழவி போலச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடைக்குப் பஸ் ஏறினாள்.

குடித்தாலும் சாவு, நிறுத்தினாலும் சாவு என்றால் மனுஷி எங்கே போவாள்?

சொந்த ஆஸ்பத்திரியில் கேட்க வழியில்லை. அங்கே மனநல டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை அவளைத் தெரியும். பஸ் நிறுத்தத்தின் இரும்புத் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை அவள் பல மாதமாகப் பார்க்காததுபோல் பார்த்து வந்தாள். குடியை விட நினைக்கிறீர்களா, கூப்பிடுங்கள் என்று ஒரு எண். ஒருநாள் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்து அந்த எண்ணைப் போனில் பதிந்துகொண்டாள். அதை அழுத்துவதற்கு அதற்கப்புறமும் ஒரு வாரம் தேவைப்பட்டது.

போனை எடுத்தவர் ஓர் ஆண். பின்னால் ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"குடிய நிறுத்தறதுக்கு..."

"ஆமாம்மா, இங்கதான். யாருக்கு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் வர்றேங்கறாரா?"

"அவருக்குத் தெரியாது."

"சரி, பரவால்ல. அவர் வராட்டியும் நீங்க வாங்க. குடிக்கிறவங்க வீட்டுப் பொம்பளைங்க தனியா உக்காந்து பேசுவாங்க. சனிக்கிழமை மத்தியானம், டிரைவிங் ஸ்கூல் மாடி, பின்னாடி ரூம். பேரு ஊரு யாரும் கேக்கமாட்டாங்க. பயப்படாம வாங்க."

பயப்படாமல் வா என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! டிரைவிங் ஸ்கூல் வாசலை அவள் இரண்டு முறை கடந்து போனாள். மூன்றாம் முறை, தெரிந்த யாரோ எதிரே வருவதுபோல் தோன்றவே, ஒளிந்துகொள்வதற்காகத்தான் அந்தப் படிக்கட்டுக்குள் நுழைந்தாள். சுவரெல்லாம் சாலைக் குறியீடுகள். மேலே முன் அறையிலிருந்து ஆண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அழுகையைத்தான் எதிர்பார்த்திருந்தாள். ஒரு கணம் அந்த அறை வாசலில் நின்றாள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒருவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். போக வேண்டிய அறை இதுதான் என்று அவளுக்குத் தெரியும். கால் பின் அறைக்குப் போயிற்று.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பெண்கள். மூலையில் பழைய டயர்கள். ஓர் அம்மாள் கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு கடையிலிருந்து நேராக வந்திருந்தார். தையல்காரம்மா. "உக்காரு தாயி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "இங்க எல்லாரும் ஒரே படகுதான். உனக்குத் தோணினா பேசு, தோணலைன்னா சும்மா இரு."

கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ஒல்லியான ஒரு பெண் பேசினாள். "அவரு பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டுட்டுக் குடிப்பாரு. எனக்குக் கேக்கலன்னு நெனப்பு. இப்பல்லாம் எங்க குழாய்ச் சத்தம் கேட்டாலும் எனக்குக் கை கால் வெலவெலத்துப்போயிடுது."

ஊசியக்காவின் காதில் ஜிவ்வென்று ஏதோ ஏறியது. தன் வீட்டுக் குழாய்ச் சத்தம் யாருக்கெல்லாம் கேட்டிருக்கும்?

இன்னொருத்தி சொன்னாள்: "நிறுத்துறேன்னு அவரே ஒரு நாள் நிறுத்தினாரு. மூணாம் நாள் சமையக்கட்டுல நின்னுட்டு இருந்தவரு அப்படியே வெட்டிக்கிட்டு விழுந்தாரு. வாயில நுரை. பாத்துட்டு நின்ன என் பையன் இன்னிக்கு வரைக்கும் அந்த இடத்த மிதிக்க மாட்டான். அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, இவ்வளவு குடிக்கிறவங்க டக்குனு தானா நிறுத்தவே கூடாதாம், உசிரே போயிடுமாம்."

சுவரில் ஊர்ந்த எறும்புகள் ஞாபகம் வந்தன. கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற மகளின் முகமும்.

"உன் வீட்டுல எப்படித் தாயி?" என்றார் தையல்காரம்மா.

அவள் பேசினாள். எங்கே ஒளித்து வைத்திருக்கிறது, எப்படி இரண்டு பஸ் மாறிப் போகிறது, காலையில் எதற்காக ஒரு மூடி, வேலையில் நடந்த தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னாள். வேலை இன்னதென்று மட்டும் மறைத்தாள். "நான்" என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் "அவர்" என்று போட்டாள். ஒரே ஒரு சொல் பொய். மற்றதெல்லாம் அவள் வாழ்க்கையில் முதன்முதலாக வெளியே வந்த உண்மை. பேசி முடிக்கும்போது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அடிப்பாரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை, தலை குனிந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லியான பெண் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வேலை செய்யிறாரு?" தையல்காரம்மாவின் குரல் மாறியிருந்தது.

"ரொட்டிக்கடையில. பாலத்துக்குப் பக்கத்துல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று உறைத்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் குடித்தாள். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். அந்தப் பெண்கள் அவளுக்காக ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார்கள். "ராத்திரி பயமா இருந்தா போன் பண்ணு" என்று எண் தந்தார்கள். ஒவ்வொரு பரிவும் ஊசிபோல ஏறியது. கதவு எப்போது திறந்தாலும், இவள்தான் குடிக்கிறவள் என்று யாரோ உள்ளே வந்து கை காட்டப் போகிறார்கள் என்று திடுக்கிடுவாள். வாயில் எப்போதும் மிட்டாய். மூச்சை மூக்கால் மட்டும் விடுவாள். போகாமலும் இருக்க முடியவில்லை. முன் அறைக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு எங்கே உட்கார முடியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை. ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டுக்காரர் தூங்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் மாவு அப்படியே ஒட்டியிருந்தது. குளிக்கக்கூட இல்லை.

"நான் உன்ன அடிச்சிருக்கேனா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. கழுத்துல டேப்பு. இங்க அடுப்புல வேலை செய்யிறது யாருன்னு கேட்டாங்க. நான்தாம்மான்னு போனேன். 'மாவு பிசையற கைய பொண்டாட்டி மேல வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?'ன்னு பிடிச்சாங்க பாரு. வரிசைல நின்னவங்க எல்லாம் வேடிக்கை பாக்கறாங்க. முதலாளி உள்ளேருந்து ஓடி வர்றாரு. ஆள் மாறிப் போச்சும்மா, நான் குடிக்கிறதே இல்லன்னேன். குடிக்கிறவன் எல்லாம் இதத்தான் சொல்லுவான், எங்க, ஊதுன்னாங்க."

"ஊதினீங்களா?"

"ஊதினேன். எல்லார் முன்னாடியும்." அவர் உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஊதினதும் அவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. திட்டும்போதே உன் அடையாளம் எல்லாம் சரியா சொன்னாங்க. யாரு அவங்க? யாரு குடிக்கிறது?"

வேறொரு சமயமாக இருந்தால் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். இப்போது அவள் அவர் புருவத்து மாவையே பார்த்தாள். உங்க தம்பியைப் பத்திச் சொன்னேன், கூட வேலை செய்யிறவளைப் பத்திச் சொன்னேன் என்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன. எதை எடுக்கலாம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது அறைக் கதவு திறந்தது.

"அப்பா," என்றாள் மகள். "அம்மா தினமும் குழாயத் தொறந்து விடுவாங்க. தண்ணி வாளியில விழற சத்தமே வராது, சும்மா தரையில ஓடும்."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

ஊசியக்கா குளியலறைக்குப் போய் அந்த வெள்ளைக் கேனை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தாள். அவர் மூடியைத் திறந்து மோந்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பக்கத்துலதானே படுத்திருந்தேன்," என்றார். அதை அவளிடம் சொல்லவில்லை. பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தார்.

"ஊத்தாதீங்க!"

அந்தக் குரலைக் கேட்டு மகள் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அவள் ஓடிப்போய்க் கேனை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஊத்திட்டா நான் செத்துருவேங்க. நிசமா. ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வரும். போன தடவை எனக்கு எறும்பெல்லாம் தெரிஞ்சுது. பாப்பா முன்னாடி விழுந்துருவேன். என்ன நம்புங்க."

அவர் அவளைப் பார்த்தார். எதை நம்புவது? உயிருக்குப் பயந்து கெஞ்சுகிறவளா, சரக்குக்காகக் கெஞ்சுகிறவளா? அவளுக்கே அது தெரியவில்லை. அந்த நிமிஷம் இரண்டுமே அவள்தான். கேனின் ஒரு பக்கத்தை அவரும் மறு பக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசலில் அசையாமல் நின்றார்கள்.

"யாரக் கேக்கணும்?" என்றார் அவர்.

அவள் போனை நீட்டினாள். அவர் பேசினார். முதலில் தடுமாறினார். "என் வீட்டுல... என் மனைவிதான். ஆஸ்பத்திரியிலதான் வேலை செய்யிறா" என்றார். அந்தப் பக்கம் ஏணிச் சத்தம் நின்றது.

"அவங்க சொல்றது சத்தியமான உண்மைங்க," என்றார் போனை எடுத்தவர். அவர் வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர், குடியை விட்டு வெகுகாலம் ஆனவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "தானா நிறுத்த விடாதீங்க. வீட்டுல வெச்சு வைத்தியம் பாக்காதீங்க. இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அவங்க வேலை செய்யிற ஆஸ்பத்திரி வேண்டாம்னா வேற இருக்கு. வாசல்ல வந்து நிக்கிறேன். அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க, திட்டாதீங்க. அதுக்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கு."

ஆட்டோவில் போகும்போது வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அன்பால் பிடித்திருக்கிறாரா, குதித்து ஓடிவிடுவாள் என்று பிடித்திருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. சட்டையில் இரண்டு நிறச் சுண்ணாம்புப் புள்ளிகளோடு ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களைப் பற்றி அவளுக்கு முழு ஞாபகம் இல்லை. மாத்திரைகள், சலைன், கட்டிலின் கம்பி. ஒரு சின்ன நர்ஸ் அவள் கையில் நரம்பு தேடித் தேடி நாலு இடத்தில் குத்தியதும், "பரவால்ல, இங்க பாரு, இந்தப் பக்கம்" என்று தானே காட்டிக்கொடுத்ததும் மட்டும் நன்றாக ஞாபகம். ஒரு மாலையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த தலை, கையில் பள்ளிக்கூடப் பை.

"நான் கணக்கு டீச்சர்," என்றார். "பெயின்டர் போன் பண்ணினார். நானும் குடிச்சவதான்."

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்த பெண் இப்படி இருப்பாளா? கஞ்சி போட்ட புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக, அவள் மகளுக்குப் பாடம் எடுக்கிற யாரோ ஒருவர் போல.

"எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

"இருக்கும். எனக்கு முன் ரூமுக்குள்ள நுழையறதுக்கே அவ்வளவு பயம். அத்தனை ஆம்பளைங்க நடுவுல ஒத்தப் பொம்பளையா மூணு வருஷம் உக்காந்திருந்தேன். நீ வந்தா ரெண்டு பேர் ஆவோம். வருவியா?"

வருகிறேன் என்று சொல்ல முடிந்தது. போவதுதான் கஷ்டமாக இருந்தது. முன் அறைக்குப் போக வேண்டுமானால் அந்தப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். பின் அறைப் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். அவளோடு வீட்டுக்காரரும் வந்தார். மாடி ஏறியதும் தையல்காரம்மா எதிரே நின்றார். அவர் பார்வை முதலில் அவள் மேல் விழுந்தது, பிறகு வீட்டுக்காரர் மேல்.

"உன் கண்ணீர நம்பி அவ்வளவு தூரம் போனேனேடி," என்றார். கோபத்தில் அவர் தாடை ஆடியது. "எங்க மத்தியில உக்காந்துட்டு, எங்க கதையெல்லாம் கேட்டுட்டு..."

"மன்னிச்சிருங்கக்கா." வேறு எதுவும் அவளிடம் இல்லை. "புருஷன் குடிக்கிறாருன்னதும் அடிக்கிறாருன்னதும் பொய்க்கா. மத்ததெல்லாம் நான்தான்."

தையல்காரம்மா ரொட்டிக்காரர் பக்கம் திரும்பினார். அந்த அம்மாளின் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. "ஐயா, ஊர் பாக்க உங்கள ஊதச் சொன்னேனே. எந்த மூஞ்சிய வெச்சுட்டு..."

"அதனால என்னம்மா," என்றார் அவர், நிலைகொள்ளாமல். "இவளுக்காகத்தானே சண்டை போட்டீங்க. இதுவரைக்கும் இவளுக்காக யாரும் சண்டை போட்டதில்ல. நான்கூட."

ஒல்லியான பெண் மட்டும் அதன்பிறகும் பல மாதம் அவளிடம் பேசவில்லை. படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதில் தப்பு சொல்ல ஊசியக்காவுக்கு வாயில்லை.

முன் அறையில் முதல் நாள் அவள் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், ஓடத் தோதாக உட்கார்ந்தாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவள் முறை வந்தபோது, "நான் குடிப்பேன்" என்றாள். "அவர்" என்று வாய் போய்விடுமோ என்ற பயத்தில் "நான்" என்பதை அழுத்திச் சொன்னாள். மேற்கொண்டு ஒரு வார்த்தையும் வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்தவர் பேச ஆரம்பித்தார்.

அவளுக்கு மிச்சமிருந்த பெரிய பயம் சீனியர். ட்யூப் மாறியதற்கு உண்மையான காரணம் அவருக்குத் தெரியாது. சொல்லாமலே இருந்துவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் வார்டு வராந்தாவில் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. டீச்சரும் பெயின்டரும் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. ஒரு காலையில் போய்ச் சொன்னாள். சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரிப்போர்ட் பண்ணாம இருக்க முடியாதும்மா," என்றார்.

"தெரியும் சார்."

வேலை போகவில்லை, ஊசி போயிற்று. விசாரணைக்குப் பிறகு அவளைச் சாம்பிள் வாங்கும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். ட்யூப்பை வாங்குவது, பெயரைச் சரிபார்ப்பது, உள்ளே தள்ளுவது. ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவியது. சில பேர் ஜன்னலுக்கு வரும்போது அவள் மூச்சுக்கு எட்டாத தூரத்தில் நின்று நீட்டினார்கள். குழந்தைகள் வார்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்கும். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று முதலில் எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான், சீனியர் பக்கத்தில் நிற்க, மறுபடி ஊசி பிடிக்க விட்டார்கள். லேபிளைக் கட்டில் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு, நோயாளியையே உரக்கப் படித்துக் காட்டச் சொல்வாள். "என்னக்கா, இவ்வளவு பயந்து பயந்து செய்யிறீங்க?" என்று புதிதாக வந்தவர்கள் கேலி செய்தார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் பின் அறைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அவர் ஒருவர்தான் ஆண். முதலில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்று தையல்காரம்மா குறைப்பட்டுக்கொள்கிறார்.

மகள்தான் எதுவும் சொல்வதில்லை. குழாயைப் பற்றி அன்றைக்குச் சொன்னதோடு சரி. கோபமில்லை, சண்டையில்லை, நன்றாகப் படிக்கிறாள், சிரிக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஊசியக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் எங்கிருந்தாலும் எழுந்து வருவாள். பையை வாங்குவதுபோல் பக்கத்தில் வந்து, அம்மாவின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுவந்து ஒரு மூச்சு இழுப்பாள். யாருக்கும் தெரியாமல் செய்வதாக அவளுக்கு நினைப்பு. ஊசியக்கா ஒன்றும் குடித்திருக்கமாட்டாள். இருந்தாலும் அந்த ஒரு மூச்சு முடிகிற வரைக்கும் அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், மகள் மோந்து முடிக்கட்டும் என்று அசையாமல் நிற்பாள். பிறகு மகள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள்.